ஒரே பெயரில் இரண்டு பேர்: எக்செல் அட்டவணையில் எப்படிப் பிரிப்பது?

நூலகத்தோழி:
வணக்கம். பள்ளி நூலகத்துக்காக பிரிட்டிஷ் ஆளுமைகள் பட்டியல் ஒன்றை எக்செல்லில் தயாரிக்கிறேன். ஒரு தாளில் பெயர், பிறப்பு, இறப்பு, இன்னொன்றில் படைப்புகள். பெயரை வைத்து வி-லுக்கப் போட்டு ஆண்டுகளை இரண்டாம் தாளுக்கு எடுக்கிறேன். எலிசபெத் டெய்லர் 1945இல் வெளியிட்ட நாவலுக்கு நேரே பிறந்த ஆண்டு 1932 என்று வருகிறது. பதின்மூன்று வயதில் நாவலா? பிரான்சிஸ் பேக்கனின் ஓவியங்களுக்கெல்லாம் 1561 வருகிறது. ஃபார்முலாவில் என்ன கோளாறு? பிள்ளைகள் நம்பிப் படிக்கப் போகிற பட்டியல், தயவுசெய்து உதவுங்கள்.

கணக்கன்:
ஃபார்முலா சரிதான் தோழி. வி-லுக்கப் மேலிருந்து தேடும், பெயர் பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். 1932இல் லண்டனில் பிறந்தவர் நடிகை. அந்த நாவலை எழுதியவர் வேறொரு எலிசபெத் டெய்லர் (1912–1975). பேக்கனிலும் அதே கதை: தத்துவவாதி 1561–1626, ஓவியர் 1909–1992. பெயரோடு தொழிலையும் சேர்த்துத் தேடுங்கள், சரியாகிவிடும்.

பழம்புத்தகம்:
கணக்கன் சார், டெய்லருக்கும் பேக்கனுக்கும் தொழில் போதும். மற்றவர்களிடம் இடிக்கும். சாமுவேல் பட்லர் என்று இருவர். 'ஹூடிப்ராஸ்' எழுதியவர் 17ஆம் நூற்றாண்டு, 'எரிவான்' எழுதியவர் 1835–1902. இருவருமே அங்கத எழுத்தாளர்கள். ஜேம்ஸ் தாம்சன் இருவரும் ஸ்காட்லாந்தில் பிறந்த கவிஞர்கள். 'ரூல் பிரிட்டானியா' பாடல் 1700இல் பிறந்தவருடையது. 1834இல் பிறந்தவர் பி.வி. என்ற எழுத்துகளில் கையெழுத்திட்டார், பழைய பதிப்புகளில் அதுதான் அடையாளம்.

வில்லியம் பிட் இன்னும் சிக்கல். தந்தையும் (1708–1778) மகனும் (1759–1806) பிரதமர்கள். மகன் 1783இல் அந்தப் பதவிக்கு வந்தபோது வயது 24. தந்தை 1766இல் சாத்தம் பிரபு ஆகிவிட்டதால் சில நூல்களில் அந்தப் பெயரில்தான் இருப்பார். மாற்றுப் பெயருக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். மூத்த பிட்டின் தாத்தா தாமஸ் பிட், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னர். இதைக் குறிப்பில் போட்டால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும்.

கணக்கன்:
நல்ல திருத்தம் ஐயா. அப்படியானால் தொழிலை விட்டுவிட்டுப் பிறந்த ஆண்டைப் பிடித்துக்கொள்வோம். தோழி, இரண்டு தாளிலும் பெயருக்கு முன்னால் ஒரு புது நெடுவரிசை போடுங்கள். முதல் தாளில் பெயர்க் கட்டத்தையும் பிறந்த ஆண்டுக் கட்டத்தையும் & குறியால் இணைத்தால் 'வில்லியம் பிட்1759' என்று வரும். வி-லுக்கப் இதைத் தேடட்டும். முன்னதாக, கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் இரட்டைப் பெயர்களுக்கு நிறம் கொடுத்தால் எங்கெல்லாம் சிக்கல் என்று உடனே தெரியும்.

நூலகத்தோழி:
நிறம் கொடுத்ததில் வின்ஸ்டன் சர்ச்சிலும் இரண்டு வரிகளில் வருகிறார்! ஒன்றை நீக்கிவிடலாமா?

பழம்புத்தகம்:
நீக்காதீர்கள் அம்மா. 1874இல் பிறந்தவர் பிரதமர். 1940இல் பிறந்தவர் அவருடைய பேரன், 1970 முதல் 1997 வரை கன்சர்வேட்டிவ் எம்.பி. தாத்தாவும் அதே கட்சி எம்.பி.யாக இருந்தவர்தான். நிறம் விழுந்த வரிகளில் பிறந்த ஆண்டு வேறாக இருந்தால் வேறு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறப்பு, இறப்பு மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் எதை நீக்குவது என்று யோசியுங்கள்.

நூலகத்தோழி:
புரிந்தது ஐயா. படைப்புகள் தாளில் ஆண்டை யார் நிரப்புவது? அங்கே பெயர் மட்டும்தானே இருக்கிறது?

கணக்கன்:
நிறம் விழுந்த பெயர்களுக்கு மட்டும் கையால்தான் நிரப்ப வேண்டும். எந்தக் கவிதை எந்தத் தாம்சனுடையது என்று எக்செல்லுக்குத் தெரியாது. புத்தகத்தின் முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். தாம்சன்களுக்கும் பட்லர்களுக்கும் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதால் குழப்பம் வராது. டெய்லருக்கு அந்த வழி உதவாது, இருவரும் ஒரே காலத்தவர். அங்கே நாவல் என்றால் 1912, திரைப்படம் என்றால் 1932 என்று போடுங்கள்.