லைசென்ஸ் வேண்டாத பேட்டரி ஸ்கூட்டருக்கு ஆர்சி கேட்கிறார்கள், உதவுங்கள் (குன்னூர்)

அருவங்காடு அப்பா:
மகள் பிளஸ் ஒன், வயது 16. டியூஷனுக்குக் குன்னூர் போய்வர ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். நேற்று மகள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தபோது சோதனையில் நிறுத்தி ஆர்சி கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு பேரை வச்சு மேட்டுல இந்த வேகத்துல ஏறுதே சார்" என்று சிரித்தார் காவலர். எச்சரித்து விட்டுவிட்டார்கள். யார் சொல்வது சரி?

தேயிலைக்காரன்:
பேட்டரி வண்டிக்கு ஒன்றும் வேண்டாம் அண்ணா. என் மச்சான் இரண்டு வருஷமாக ஓட்டுகிறான்.

பழைய மெக்கானிக்:
மச்சான் மாட்டவில்லை, அவ்வளவுதான். பேட்டரியில் ஓடுவதாலேயே சலுகை கிடைத்துவிடாது. மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்குச் சோதனை நிறுவனத்தின் சான்றும் வேண்டும். அப்போதுதான் சட்டப்படி அது மோட்டார் வாகனமே அல்ல.

காவலர் சிரித்ததில் கணக்கு இருக்கிறது. நூறு அடிக்கு எட்டடி ஏறும் மேட்டில், வண்டியும் ஒரு ஆளுமாக 130 கிலோ என்றால் 250 வாட்டுக்கு மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட வராது. இரண்டு பேர் என்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். மோட்டாரில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள் சார்.

அருவங்காடு அப்பா:
பார்த்தேன். பில்லில் 250 வாட். பின்சக்கர மோட்டாரில் 800! வேகத்துக்காக ஒரு ஒயரையும் கழற்றி விட்டிருக்கிறார்களாம். சரி, இதையே ஆர்டிஓவில் பதிந்து பச்சை நம்பர் பிளேட் வாங்க முடியாதா?

பழைய மெக்கானிக்:
பதிவுக்குப் படிவம் 21, 22 இரண்டும் வேண்டும். 21 விற்பனைச் சான்று, கடையில் தருவது. 22 வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று, தயாரிப்பாளர் தருவது. அனுமதி பெறாத மாடலுக்கு 22 எங்கிருந்து வரும்? ஒயரைத் திரும்ப மாட்டினாலும் மோட்டார் 800 தான். மகளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பதிவு வேண்டிய வண்டியைச் சிறார் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈடும் உங்கள் கையிலிருந்துதான்.

பில்லையும் மோட்டாரையும் சேர்த்துப் படமெடுத்துக் கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915, நுகர்வோர் உதவி எண்.

அருவங்காடு அப்பா:
படத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. பத்தாயிரம் கழித்துத் தருகிறார்களாம். முழுசாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன், நாளை 1915-க்கு அழைக்கிறேன். மகள் இன்று பஸ்ஸில் போனாள். முகம் தூக்கி வைத்துக்கொண்டுதான்.