ஃபிளெயில் மோவரில் பிளேடு மாற்றிய பின் கடும் அதிர்வு – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல்லும் புதரும் வெட்டும் ஃபிளெயில் மோவரில், கல்லில் பட்டு உடைந்த சில ஒய் வடிவ பிளேடுகளுக்குப் பதிலாகப் புதியவற்றை அண்மையில் மாட்டினேன். அதன்பின், குறைந்த வேகத்தில் சீராகச் சுற்றும் ரோட்டர் (பிளேடுகள் மாட்டிய உருளை), பி.டி.ஓ. (டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை மோவருக்குத் தரும் முனை) நிமிடத்திற்கு 540 சுற்றுகளை நெருங்கும்போது இருக்கை வரை தெரியும்படி அதிர்கிறது. பெல்ட் பக்கத்துப் பேரிங் உறையும் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1:
பேரிங் சூடாவது விளைவாகவே இருக்கலாம். காரணம் தெரியும் வரை ஓட்டாதீர்கள். தேய்ந்த பிளேடும் புதிய பிளேடும் ஒரே எடையில் இருப்பதில்லை. அந்த எடை வேறுபாட்டால் எழும் விசை, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிறது. அதனால்தான் மெதுவாகச் சுற்றும்போது கோளாறு தெரியவில்லை. மாற்றும்போது எதிரெதிர் பிளேடுகளை எடை பார்த்து இணையாகவோ, தேய்மானம் அதிகமென்றால் முழுத் தொகுதியாகவோ மாற்ற வேண்டும். போல்ட்டும் லாக் நட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

சோதிக்கும் முன் மோவரைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் ரோட்டர் சிறிது நேரம் தானே சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் பார்க்கத் தூக்கினால் உறுதியான முட்டுகளின் மேல் அமர்த்துங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கை நீட்டுவதை எந்த அவசரத்திலும் நான் ஏற்கமாட்டேன். ரோட்டரின் இரு முனைகளிலும், பக்கத் தகட்டை ஒட்டிய இடுக்கில், கம்பியோ சணலோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது பேரிங்கினுள் மண் புகாமல் காக்கும் சீலை அறுத்துவிடும்.

பதில் 2:
ரோட்டர்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். பெல்ட்டுகளைக் கழற்றி, காப்பு மூடியைத் திரும்ப மாட்டி, அருகில் எவரும் இல்லாதபோது பி.டி.ஓ.வை இயக்கிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் கோளாறு டிராக்டரையும் மோவரையும் இணைக்கும் பி.டி.ஓ. தண்டிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது. தண்டைப் பிரித்துப் பூட்டியிருந்தால், அதன் இரு முனைகளிலும் உள்ள கவைகள் (மூட்டைப் பிடிக்கும் இரு கிளைப் பாகங்கள்) ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பெல்ட் இல்லாமல் ஓட்டியபோது அதிர்வே இல்லை. பெல்ட் பக்கத்து முனையில் வேலிக்கம்பி இறுகச் சுற்றியிருந்தது. அதை வெட்டி எடுத்தபோது கிழிந்த சீலின் வழியே கிரீஸ் மண்ணோடு கலந்து வெளிவந்தது. பேரிங்கையும் பிளேடுகள் அனைத்தையும் மாற்றிவிட்டேன்; இப்போது முழு வேகத்திலும் அமைதியாக ஓடுகிறது. ஆனால் திரும்புவதற்காக மோவரை உயர்த்தும்போது மட்டும் தண்டில் கடகடவென்ற சத்தம் கேட்கிறது.

பதில் 1:
உயர்த்தும்போது தண்டின் மூட்டு அளவுக்கு மீறி மடங்குவதால் வரும் சத்தம் அது. தரையை விட்டுச் சற்றே எழும்படி தூக்கும் உயரத்தைக் குறைத்து வையுங்கள். அதற்கு மேல் தூக்குவதானால் முதலில் பி.டி.ஓ.வை நிறுத்திவிடுங்கள். சுற்றும் ரோட்டரை உயர்த்தினால் அடிப்புறம் திறந்து கற்கள் தொலைவுக்குத் தெறிக்கும் என்பதால், மூட்டைக் காப்பதைவிட இதுவே பெரிய காரணம். பின்புற ரப்பர் திரையும் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.