கறுப்புப் பெயின்டும் ஒரு சிப்பும்

*குடும்பக் குழு*

தம்பி: மாமா, நாளைக்குக் கல்லூரியில் 2011 ஜப்பான் நிலநடுக்கம் பற்றிப் பேச வேண்டும். கார் தொழிற்சாலைகள் இடிந்ததால்தான் உலகம் முழுக்க உற்பத்தி குறைந்ததா?

மாமா: இல்லை மாப்பிள்ளை. பெரிய அடி விழுந்தது பாகம் செய்பவர்களுக்கு. அதிலும் நேரடி வெண்டர் இல்லை; வெண்டருக்கு வெண்டர், அவருக்கும் கீழே ஒருவர்.

மாமா: இபராக்கி மாகாணத்தில் ரெனசாஸ் கம்பெனியின் நாகா ஆலை. காரின் எஞ்சின், பிரேக் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரில் உலகச் சந்தையின் ஏறக்குறைய 40 சதவீதம் அப்போது அந்தக் கம்பெனி கையில். நிலநடுக்கம் வந்த மார்ச் 11 அன்று நாகா நின்றது.

சித்தி: வேறு கம்பெனியில் வாங்கக் கூடாதா அண்ணா?

மாமா: முடியாதும்மா. அந்தந்த மாடலுக்கென்றே வடிவமைத்த சிப். மாற்றினால் மென்பொருள், சோதனை எல்லாம் முதலிலிருந்து. அதே சிப்பைச் செய்து முடிக்கவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

நான்: அப்போது கறுப்பு நிறக் கார் கூடக் கிடைக்கவில்லையாமே?

மாமா: ஆமாம்! பெயின்டுக்கு மினுமினுப்பு தரும் சிராலிக் நிறமி. ஜெர்மனியின் மெர்க் தயாரிப்பு. ஆனால் உலகத்திலேயே ஒரே ஆலையில்தான் செய்தார்கள், ஃபுகுஷிமா மாகாணத்து ஒனஹாமாவில். அது நின்றதும் அமெரிக்காவில் ஃபோர்டு, ‘டக்ஸீடோ பிளாக்’ நிறத்துக்கும் சில சிவப்புகளுக்கும் ஆர்டர் எடுக்காதீர்கள் என்று டீலர்களிடம் சொல்லிவிட்டது.

தம்பி: ஸ்டாக் வைத்திருந்தால்?

மாமா: பெரிதாக ஸ்டாக் வைப்பதில்லை; தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் பாகம் வரவழைக்கும் முறை. அதைக் குறை சொல்ல மாட்டேன், செலவும் குறைந்தது, தரமும் உயர்ந்தது. ஒரே பாகத்துக்கு இரண்டு வெண்டர் வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் அந்த இருவருமே கீழே ஒரே ஆலையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அடிவரை யாரும் பார்க்கவில்லை. என் பர்ச்சேஸ் வேலையில் இதைத்தான் எப்போதும் வலியுறுத்துவேன்.

சித்தி: அத்தனை உயிர் போன இடம். அதை விட்டுவிடாதே கண்ணா.

மாமா: முதலில் அதைச் சொல். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 18,000-க்கு மேல். அப்புறம் இதையும் சொல்: நாகா ஆலையைச் சரிசெய்ய, ஒன்றோடொன்று போட்டி போடும் கார் கம்பெனிகளே ஆள் அனுப்பின. ஒரு நாளில் 2,500 பேர் வரை வேலை செய்தார்கள். ஜூலையில்தான் என்றிருந்தது ஜூன் 1-இலேயே ஓடத் தொடங்கியது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கும்.

தம்பி: அதற்கப்புறம் மாறினார்களா?

மாமா: டொயோட்டா கீழ்மட்ட வெண்டர்கள் வரை விவரம் திரட்டியது. சிப்பை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஸ்டாக் வைக்கச் சொன்னது. 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்றவர்களை விடக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது அதனால்தான். ஆனால் 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தில் ஐசின் குழும ஆலையிலிருந்து கதவுப் பாகம் வராமல் அதே டொயோட்டாவின் லைன்கள் நின்றன.

நான்: மெர்க் என்ன செய்தது மாமா?

மாமா: ஜெர்மனியில் கெர்ன்ஸ்ஹைமிலும் அந்த நிறமியைச் செய்ய ஏற்பாடு பண்ணியது.

தம்பி: சரி மாமா, எழுதிவிட்டு இங்கேயே அனுப்புகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.