கொக்கின் ‘கேப் லைன்’: ‘கடைவாய்க்கோடு’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கொக்கின் மேலலகும் கீழலகும் சேருமிடத்திலிருந்து கண்ணுக்கு அடியில் பின்னோக்கி ஓடும் மெல்லிய கோட்டை ஆங்கிலத்தில் ‘கேப் லைன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பத்து நாள்களாகப் பேசிவருகிறோம். பேராசிரியர் ஐயா ‘அலகுப்பிளவுக்கோடு’ என்றும், நெல்லையிலிருந்து எழுதும் அம்மா ‘வாய்வரி’ என்றும் முன்மொழிந்துள்ளார்கள். இருவர் சொல்லையும் களத்தில் வைத்துப் பார்த்த பிறகு, ‘கடைவாய்க்கோடு’ என்பதே பொருந்தும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கோட்டுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நம் ஏரிகளில் காணும் வெள்ளைக் கொக்குகளில் சின்னக் கொக்கைக் கரிய அலகையும் கரிய காலையும் மஞ்சள் விரல்களையும் கொண்டு அறியலாம். உண்ணிக்கொக்கு குட்டையான கழுத்தாலும், இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் மார்பிலும் ஏறும் செம்மஞ்சளாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரிய வெண்கொக்கையும் நடுத்தர வெண்கொக்கையும் பிரிப்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். இரண்டுக்கும் சாதாரண நாள்களில் அலகு மஞ்சள். இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்கும் அது கறுத்துவிடும். அருகருகே நின்றால் உருவத்தைக் கொண்டு சொல்லிவிடலாம், ஆனால் தனியாக நிற்கும் கொக்கின் உயரத்தை எதனோடு ஒப்பிடுவது? பெரிய கொக்கின் கழுத்து நடுவில் முடிச்சிட்டதுபோல் மடிந்திருக்கும் என்பது உண்மை. எனினும், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு குளிரில் ஒடுங்கி நிற்கும் பறவையில் அந்த மடிப்பைத் தேட முடியாது. எந்தப் பருவத்திலும், எந்த நிலையிலும் கைவிடாத அடையாளம் இந்தக் கோடுதான். பெரிய வெண்கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும்; நடுத்தர வெண்கொக்கில் கண்ணுக்கு நேர்கீழேயே நின்றுவிடும்.

சென்ற மாதம் வேடந்தாங்கலுக்குப் போகும் வழியில் ஒரு சிற்றேரியின் மதகடியில் உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். மதகிலிருந்து வழிந்த நீரில் ஏழெட்டுக் கொக்குகள் நின்றன. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் காமிராவின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பெருசுக்குக் கடவாய் கண்ணுக்கு அப்பால போவுது பாருங்க, அதான் அம்மாம் பெரிய மீன முழுங்குது” என்றார். நாம் பத்து நாள்களாகத் தேடிய சொல் அவர் வாயில் இயல்பாக வந்து விழுந்தது. அவருக்கு அது கலைச்சொல் அன்று. மாட்டுக்கும் மனிதருக்கும் வழங்கும் அன்றாடச் சொல்லைக் கொக்குக்கும் வழங்கினார், அவ்வளவுதான். கடைவாய்ப் பல் எது என்று நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தூங்கும்போது கடைவாயில் எச்சில் ஒழுகுகிறது என்று சொல்லாத தாய் இல்லை. வாயின் கடைக்கோடி என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நாம் அதனோடு ‘கோடு’ என்பதை மட்டும் சேர்க்க வேண்டும். ஏனெனில், கடைவாய் என்பது ஓர் இடம்; நாம் பெயரிட முனைவதோ அந்த இடம்வரை நீளும் கோடு. அந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

ஐயாவின் ‘அலகுப்பிளவுக்கோடு’ இலக்கணப்படி குறையற்ற சொல். என் தயக்கம் ‘பிளவு’ என்பதில்தான் இருக்கிறது. நத்தைகுத்தி நாரையை எண்ணிப் பாருங்கள். அதன் அலகை முழுதாக மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அதுவே அந்தப் பறவையின் முதன்மை அடையாளம். அலகுப்பிளவு என்று கேட்ட மாத்திரத்தில் எனக்கு அந்த இடைவெளிதான் நினைவுக்கு வருகிறது. பறவை நோக்கத் தொடங்கிய ஒருவர் ‘நாரையின் அலகுப்பிளவு தெளிவாகத் தெரிந்தது’ என்று குறிப்பெழுதினால், அவர் எதைச் சொல்கிறார் என்று நாம் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அந்தச் சொல்லை நத்தைகுத்திக்கே விட்டுவிடலாம். அங்கே அது மிகப் பொருத்தமாக அமையும்.

அம்மா தந்த ‘வாய்வரி’ சுருக்கமானது, ஓசையும் நன்றாக இருக்கிறது. முதலில் நான் அதன் பக்கம்தான் இருந்தேன். ஆனால் பறவைப் பெயர்களில் ‘வரி’ என்பதை இறகில் விழும் பட்டைக்கே வழங்கிவருகிறோம். அவர் ஊருக்கு அருகில் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்தே அதற்குச் சான்று: தலையில் இரண்டு கரும்பட்டைகள் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். சில பறவைகளுக்கு அலகின் அடியிலிருந்து கன்னத்தின் வழியே ஒரு கரும்பட்டை இறங்குவதும் உண்டு. ‘வாய்வரி’ என்ற பெயர் நாளை அந்தப் பட்டைக்குத் தேவைப்படும். இறகில் உள்ள நிறத்துக்கு ஒரு சொல்லும், வாயின் அமைப்புக்கு வேறொரு சொல்லும் இருப்பதே நல்லது.

பறவைக்கு இருப்பது அலகுதானே, வாய் எங்கிருந்து வந்தது என்று ஐயா கேட்கக்கூடும். கரண்டிவாயனுக்குப் பெயர் வைத்தவர்கள் அதை அலகன் என்று சொல்லவில்லை. பிளந்த பனங்கிழங்கைப் போன்றது என்று நாரையின் அலகைப் பாடிய பழம்புலவரும் அதைக் கூர்வாய் என்றே குறித்தார். ஆகவே பறவையின் அலகை வாய் என்பது தமிழுக்குப் புதிதன்று. மேலும், ஒரு கலைச்சொல்லிலிருந்து அடுத்தடுத்த சொற்கள் கிளைக்க வேண்டும் என்று ஐயாவே முன்பு இங்கே எழுதியிருந்தார். குஞ்சுகளின் வாயோரத்தில் மஞ்சளாகப் புடைத்து நிற்கும் மென்சதையைச் சிட்டுக்குருவிக் குஞ்சிலும் மைனாக் குஞ்சிலும் பார்த்திருப்பீர்கள். அதைக் ‘கடைவாய்ச்சதை’ என்றால் விளக்கம் எதுவும் தேவைப்படாது. ‘அலகுப்பிளவுச்சதை’ என்று சொல்லிப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

படமெடுப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கருநீரின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் காமிராவின் தானியங்கி அளவீட்டுக்கு விட்டுவிட்டால், அது காட்சி முழுவதும் இருட்டென்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். கொக்கு வெறும் வெள்ளைத் தாளாக வெளுத்துப்போகும். கடைவாய்க்கோட்டின் பின்முனை இறகோடு சேரும் இடம் இப்படி வெளுக்கும்போதுதான் அழிகிறது. கோடு கண்ணைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்காகவே எடுத்த படத்தில் அந்த முனையே இல்லாமல் போனால், படம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. காமிரா கணிக்கும் ஒளியை நாமே கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை நான் மூன்றில் இரண்டு பங்கு முதல் ஒரு ஸ்டாப் (ஒளியளவின் ஒரு படி) வரை குறைத்து வைக்கிறேன். மிகையாக வெளுத்த இடத்தைக் காட்டும் எச்சரிக்கையாகத் திரையில் இறகு கண்சிமிட்டினால் இன்னும் குறைக்கிறேன். நண்பகலைத் தவிர்க்கிறேன். தலை முழுப் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். தலை சற்றே நம் பக்கம் திரும்பியிருந்தாலும் கோட்டின் நீளம் குறுகித் தெரியும், பெரிய வெண்கொக்கு நடுத்தரமாகிவிடும். என் பழைய குறிப்பேடுகளில் அப்படித் தவறாகப் பதிந்தவை உண்டு. அவற்றை இப்போது ஒவ்வொன்றாகத் திருத்திவருகிறேன்.

கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதியாகிய ‘லோர்’ பற்றியும் ஒரு வார்த்தை. ‘கண்முன்தோல்’ என்ற பரிந்துரை கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் சரி, அவற்றில் அந்த இடம் இறகற்ற வெறுந்தோல். பெரும்பாலான மற்றப் பறவைகளில் அங்கே இறகு இருக்கிறது; ஆதலால் சொல்லுக்குள் ‘தோல்’ வரக் கூடாது. ‘கண்ணலகிடை’ துல்லியமானது, ஆனால் ஏரிக்கரையில் நின்று ஒருவரிடம் சொல்லும்போது நாக்கு இடறுகிறது. ‘கண்முகப்பு’ என்று வைத்தால் என்ன? பெரிய வெண்கொக்கின் கண்முகப்பு இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சளிலிருந்து நீலப்பச்சைக்கு மாறும். சின்னக் கொக்கின் கண்முகப்பு இணைசேரும் உச்சத்தில் சில நாள்கள் மட்டும் சிவந்த சாயல் பெறும். இந்த இரு வாக்கியங்களையும் எழுதிப் பார்த்தபோது சொல் எங்கும் உறுத்தவில்லை. இருப்பினும் இதில் எனக்கு முழு உறுதி வரவில்லை, மாற்று இருந்தால் எழுதுங்கள்.

இனப்பெருக்கக் கால இழையிறகுகளுக்குத் ‘தூவி’ என்ற பழஞ்சொல்லை எடுத்துக்கொள்வதில் அனைவருக்கும் உடன்பாடு என்று தெரிகிறது. முதுகுத்தூவி, மார்புத்தூவி, பிடரித்தூவி என்று மூன்றாகப் பிரித்தால் போதும். பெரிய வெண்கொக்குக்கு முதுகில் மட்டும் தூவி, நடுத்தர வெண்கொக்குக்கு முதுகிலும் மார்பிலும் தூவி, சின்னக் கொக்குக்குக் கூடுதலாகப் பிடரியில் இரண்டு நீண்ட தூவிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேல்நாட்டுப் பெண்களின் தொப்பிக்காக இந்தத் தூவிகளுக்கென்றே கொக்குகளைக் கூடுகளில் வைத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். 1889இல் இங்கிலாந்தில் தொடங்கிய பறவைப் பாதுகாப்புச் சங்கம் அந்த வணிகத்தை எதிர்த்தே உருவானது. அவ்வளவு உயிர்களைப் பலிகொண்ட இறகுக்கு நம் மொழியில் தனிப்பெயர் நிலைக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

மதகடியில் எடுத்த மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். முதல் படத்தில் கடைவாய்க்கோடு கண்ணைத் தாண்டிச் செல்வது தெளிவாகத் தெரிகிறது, அது பெரிய வெண்கொக்கு. இரண்டாவதில் கோடு கண்ணுக்குக் கீழேயே முடிகிறது. மூன்றாவது படத்தில் கொக்கு ஒரு கெண்டையைக் கவ்வியபடி தலையைப் பாதி திருப்பியிருக்கிறது. கோட்டின் முனை கண்ணின் பின்விளிம்பைத் தொடுகிறதா, தாண்டுகிறதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஐயாவும் அம்மாவும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.