ஃபேர்வே புல்லை மாற்றலாமா: பெர்முடாவா, ஸோய்சியாவா?

புல்தரை:
எங்கள் 18 குழி கோல்ஃப் மைதானத்தில் ஃபேர்வே (குழிக்குக் குழி பந்து அடித்துப் போகும், சீராக வெட்டிய புல்பாதை) முழுக்க ரை கிராஸும் ப்ளூகிராஸும்தான். கோடையில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போதவில்லை, அதனால் குறைவாகக் குடிக்கும் புல்லுக்கு மாறலாம் என்று கமிட்டியில் பேச்சு. பெர்முடாவா, ஸோய்சியாவா? குளிர்காலத்தில் பழுப்பாகிவிடும் என்று உறுப்பினர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள்.

ஒன்பதாம்குழி:
மரநிழல் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பெர்முடா, அதாவது அருகம்புல் இனம், வெயிலில் பிய்த்துக்கொண்டு வளரும், நிழலில் மெலிந்துவிடும். ஸோய்சியா ஓரளவு நிழல் தாங்கும், ஆனால் பரவுவதற்குள் நம் பொறுமை போய்விடும், உடனே வேண்டுமென்றால் புல்பத்தையாக வாங்கிப் பதிக்க வேண்டும், செலவு எகிறும். பெர்முடாவைத் தண்டாகவே நட்டுவிடலாம். மண் நன்றாகச் சூடேறியபின், கோடைத் தொடக்கத்தில் நடுங்கள், குளிருக்கு முன் வேர் இறங்க நேரம் கிடைக்கும். அதற்கு முன் பழைய புல்லைக் களைக்கொல்லி அடித்து முழுசாகக் கொல்ல வேண்டும், தப்பியதற்கு இன்னொரு முறை. அப்புறம் ஒன்று, கமிட்டியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: நட்ட முதல் சில வாரங்கள் மேல்மண் காயாமல் ஒரு நாளைக்குப் பல தடவை நனைக்க வேண்டும். தண்ணீர் மிச்சமாவது புல் வேரூன்றியபின்தான்.

காலைப்பனி:
பழுப்பு என்றால் செத்துப்போனது இல்லை, உறக்கம். விளையாடத் தடையில்லை, பந்து இன்னும் நன்றாக ஓடும். பச்சை வேண்டும் என்று யாராவது அடம்பிடித்து மேலே ரை விதை தூவ வைத்தால், குளிர்காலம் முழுக்க அதற்குத் தண்ணீர் விட வேண்டும், வசந்தத்தில் பெர்முடா எழும்போது அதையும் நெருக்கும். பிறகு எதற்கு மாற்றினோம்? பச்சைச் சாயம் அடிப்பது எவ்வளவோ மேல். பழைய நீர்ப்பாசன டைமரை அப்படியே ஓடவிட்டாலும் இதே கதைதான்.

மணற்குழி:
எல்லோரும் வகையைப் பற்றியே பேசுகிறீர்கள், நனைக்கும் பரப்பு? அமெரிக்காவில் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானத்தை 2010-11இல் சீரமைத்தபோது ரஃப்பில் (ஃபேர்வேக்கு வெளியே இருக்கும் ஓரப் பகுதி) சுமார் 35 ஏக்கர் புல்லை எடுத்துவிட்டு மணலையும் காட்டுப்புல்லையும் விட்டார்கள், ஸ்பிரிங்க்ளர் தலைகள் சுமார் 1,150இலிருந்து 450 ஆயின. எடுத்தது பெர்முடா, கவனியுங்கள். பந்தே விழாத ஓரங்களுக்கு எதற்குப் புல்?

புல்தரை:
சரி, ஓரங்களை அளந்துவிடுகிறேன். நிழல் மூன்று குழிகளில்தான் அதிகம். கிணற்று நீர் கொஞ்சம் உப்பு, அது பிரச்சினையா?

ஒன்பதாம்குழி:
பெர்முடா ஓரளவு தாங்கும். உப்பு அதிகமென்றால் பாஸ்பாலம் என்ற புல்லைப் பாருங்கள், அதன் பலமே உப்பைத் தாங்குவதுதான், சுத்திகரித்த கழிவுநீரிலும் வளரும். முதலில் நீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.