கயவாளின்னா சரியா என்ன அர்த்தம்? எங்கேருந்து வந்த சொல்?

சொல்தேடி:
கூட வேலை பாத்த ஒருத்தன்கிட்ட நம்பி வீட்டு விஷயம் ஒண்ணு சொன்னேன், ரெண்டே நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. பாட்டி கேட்டுட்டு "கயவாளிப் பய"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. கெட்டவன், அயோக்கியன்னு எவ்ளோ இருக்கு, ஏன் இது? 'கய'ன்னு தேடினா குளம், யானை, பெருமைன்னு வருது, ஒண்ணும் புரியல.

பழைய ஏடு:
பாட்டி ரொம்ப சரியா சொல்லிருக்காங்க. திருக்குறள்ல 108வது அதிகாரமே கயமைதான், பொருட்பாலே அதோடதான் முடியுது. அதுல 1076ஐப் பாருங்க, "அறைபறை அன்னர் கயவர்", அதாவது கேட்ட ரகசியத்த அடுத்தவங்ககிட்ட கொண்டுபோய் சொல்றதால கயவன் அடிக்கிற பறை மாதிரியாம். அப்படியே உங்க ஆளுதான்! 1071ல பாக்க மனுஷங்க மாதிரியேதான் இருப்பாங்கன்னு வருது, என்னைக் கேட்டா அதிகாரத்துலயே பயங்கரமான வரி அதுதான். கெட்டவன்னா செஞ்ச காரியத்த சொல்றோம், கயவன்னா ஆளோட குணத்தையே சொல்றோம்.

வேர்ச்சொல்:
யானைங்கிற கயம் வடமொழி கஜத்துலேருந்து வந்தது, அத விட்டுடுங்க. பெருமை விஷயம் நிஜம், தொல்காப்பியம் உரியியல்ல "தடவும் கயவும் நளியும் பெருமை"ன்னே இருக்கு, மென்மைங்கிற பொருளும் அங்கயே வருது. பெருமைக்கும் கீழ்மைக்கும் ஒரே சத்தமான்னு ஆச்சரியமாதான் இருக்கும், ஆனா சத்தம் ஒண்ணா இருக்குங்கிறதுக்காக எல்லாத்தையும் ஒரே வேர்ல கட்டக்கூடாது, கயப்புன்னா கசப்பு அதான் கயவன்னு கதை கட்டுறதும் அப்படித்தான். கயவாளில இருக்கிற 'ஆளி' பகையாளி, முதலாளில வர்றதுதான், ஆண் பெண் ரெண்டு பேருக்கும் பொது.

நிலாமுற்றம்:
ஒண்ணு சொல்லியே ஆகணும், இதே அர்த்தத்துல நிறைய பேர் சண்டாளன்னு திட்டுறாங்க, தயவுசெஞ்சு வேணாம். அது ஒரு சாதியோட பேரு, தமிழ்நாட்டு பட்டியல் சாதிகள் வரிசைல இருக்கு. ஒருத்தன் செஞ்ச துரோகத்துக்கு இன்னொருத்தரோட பிறப்ப ஏன் இழுக்கணும்? குறள் 973லயே கீழ இருந்தாலும் கீழான குணம் இல்லாதவங்க கீழானவங்க இல்லன்னு தெளிவா இருக்கே.

சொல்தேடி:
எல்லாருக்கும் நன்றி. அந்த வார்த்தைய கோவத்துல நானும் சொல்லிருக்கேன், தெரியாம. இனிமே வாய்ல வராது. 1076அ பாட்டிகிட்ட படிச்சு காட்டினேன், அவங்க பள்ளிக்கூடமே போனதில்ல, இன்னொரு தடவ படின்னு சொல்லி கேட்டாங்க.