பிள்ளைக்கு அடிக்கடி காதில் சீழ்: உங்கள் வீட்டில் எப்படி?

பள்ளத்தூர் அம்மா:
மகளுக்கு 11 மாதம். அதற்குள் மூன்று தடவை காதில் சீழ் வந்துவிட்டது. முதல் தடவை எனக்குப் புரியவே இல்லை. இரண்டு நாள் சளி. மூன்றாம் நாள் ராத்திரி படுக்க வைத்தாலே வீறிட்டு அழுகிறாள், தூக்கினால் கொஞ்சம் அடங்குகிறாள். வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். விடியப்போகிற நேரத்தில் சட்டென்று அழுகை நின்றது. அப்பாடா என்று படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தலைமாட்டுத் துணியில் மஞ்சள் கறை! செவிப்பறை கிழிந்து சீழ் வெளியே வந்ததால் வலி விட்டிருக்கிறது.

"குளிப்பாட்டயில தண்ணி போயிருச்சு" என்று அப்பத்தா பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிவிட்டார்கள். மல்லுக்கட்டித் தடுத்தேன். கிழிந்த காதில் எதையும் ஊற்றக்கூடாது என்று காரைக்குடி டாக்டரும் சொன்னார். தண்ணீர் காரணமில்லையாம். மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் கைப்பிள்ளைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அது அடைத்துக்கொள்ளும், கிருமி காதுக்கு ஏறிவிடும் என்றார். அப்புறம் கேட்டார், "படுக்க வச்சுப் புட்டிப்பால் குடுக்குறீங்களா?"

தொட்டிலில் போட்டுப் புட்டியை வாயில் வைப்பது நான்தான். அப்பத்தா பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தேவகோட்டை:
எங்கள் பையனுக்கு ஒரு வருஷத்தில் நாலு. ஆறு மாதத்தில் 3 அல்லது வருஷத்தில் 4 வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள். மதுரைக்குப் போனோம். சீழ் நின்றும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கியிருந்தது; கூப்பிட்டால் திரும்பாததைப் பிடிவாதம் என்று நினைத்திருக்கிறோம், பாவம். நீர் வடிய செவிப்பறையில் சின்னக் குழாய் வைக்கிற ஆபரேஷன் பேச்சு வந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்ததில் நீர் தானாக வற்றிவிட்டது. அழுகை நின்றதும் மருந்தைப் பாதியில் நிறுத்திய தப்பை நானும் ஒருமுறை செய்தேன்.

கோட்டையூர் அப்பா:
நிமோனியா ஊசி (ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், 9 மாதம்) போட்டாச்சா பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். காதில் சீழ் வைக்கிற கிருமிகளில் ஒன்றுக்கு அதுவும் தடுப்பு. ஊருக்கும் சென்னைக்கும் அலைந்ததில் நாங்கள் மூன்றாவதை விட்டுவிட்டோம். இன்னொன்று, முகப்பில் உட்கார்ந்து நான் விடும் சிகரெட் புகையும் ஒரு காரணம் என்றார் டாக்டர். வீட்டம்மா அதை மட்டும் மறக்காமல் எல்லாரிடமும் சொல்கிறாள்.

பள்ளத்தூர் அம்மா:
இப்போது மடியில் தலையை உயர்த்தி வைத்துத்தான் பால். இந்தச் சளிக்குக் காது தப்பித்தது. அடுத்ததைப் பார்க்கணும்.